ஸ்பாஞ்சுக்கு அடியில்

சோபாவுக்கு மெத்தை தைக்கும் கடை வைத்திருந்த குஷன்காரருக்கு மாப்பிள்ளை மேல் ஒரு குறையும் சொல்ல முடியாது. அதுதான் அவருக்குப் பெரிய குறை. குடி கிடையாது, வெட்டி அரட்டை கிடையாது, மகளிடம் குரல் உயர்த்தினார் என்ற பேச்சே கிடையாது. ஆஸ்பத்திரியில் நர்ஸ் வேலை. "இது ஆம்பள பாக்குற வேலையா?" என்று கல்யாணத்துக்கு முன்னால் நாலு பேர் நடுவே கேட்டுவிட்டார். கேட்டதைத் திரும்ப அள்ளவும் முடியவில்லை, தப்பு என்று ஒத்துக்கொள்ளவும் மனசு வரவில்லை. அதனால் அன்றிலிருந்து முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டே காலத்தை ஓட்டினார்.

மகள்தான் இரண்டு பேரையும் ஏரிக்கரைக்கு இழுத்து வந்தாள். மரங்களுக்கு நடுவே ஹாமக் என்கிற துணித் தொட்டில் கட்டித் தூங்கி, காலையில் திரும்புவதாகத் திட்டம். காரை விட்டு இறங்கும்போதே அப்பாவைத் தனியாக ஓரங்கட்டினாள்.

"இந்தத் தடவையும் அவர மட்டம் தட்டினீங்கன்னா, அப்புறம் நாங்க உங்க வீட்டு வாசப்படி மிதிக்க மாட்டோம். சொல்லிட்டேன்."

"நான் எதுக்கும்மா வாயத் திறக்கப்போறேன்?" என்றார்.

ஹாமக் கட்டி முடிக்கும்வரைகூட அந்த வாய் தாங்கவில்லை. மாப்பிள்ளை தன்னுடைய ஹாமக்குக்குள் நீல நிறத்தில் ஒரு மெல்லிய ஃபோம் மேட்டை விரித்துக்கொண்டிருந்தார்.

"கீழ இருந்து காத்து அடிக்கும் மாமா. எவ்வளவு தடிப் போர்வையா இருந்தாலும் முதுகுக்கு அடியில நசுங்கிடும், சூடு நிக்காது. இது நசுங்காது. உங்களுக்கும் ஒண்ணு வாங்கறேன்னு சொன்னேன், நீங்கதான்..."

"மாப்ள, ஃபோமப் பத்தி எனக்கே பாடமா?" குஷன்காரர் கடையிலிருந்து தானே வெட்டிக் கொண்டுவந்த சோபா ஸ்பாஞ்சைத் தட்டிக் காட்டினார். "கைய வச்சுப் பாருங்க. அமுக்கினா எழும்பணும், அதுதான் சரக்கு. உங்களோடதுல ரெண்டு ஜோடி செருப்பு வேணா வெட்டலாம்."

மகள் முறைத்தாள். அவர் சிரித்து மழுப்பினார். மாப்பிள்ளையும் கூடவே சிரித்ததால் அது வேடிக்கையோடு முடிந்தது. மகள் காரின் பின்சீட்டில் படுக்கப் போய்விட்டாள்.

குஷன்காரர் ஒன்றை மறந்துவிட்டார். அவர் வாழ்நாளில் போட்ட ஸ்பாஞ்சுக்கெல்லாம் கீழே பலகை இருந்தது. இங்கே கீழே வெறும் காற்று. அவர் பாரத்தில் ஸ்பாஞ்ச் துணியோடு துணியாக ஒட்டிப்போனது. ஏரிப் பக்கமிருந்து வந்த ஈரக்காற்று அதன் ஓட்டை ஒவ்வொன்றிலும் நுழைந்து முதுகில் ஏறியது. இந்தப் பக்கம் திரும்பினால் அந்தத் தோள் விறைத்தது, அந்தப் பக்கம் திரும்பினால் இந்தத் தோள். பல்லைக் கடித்துக்கொண்டு கிடந்தார். கூப்பிட்டுச் சொல்ல மானம் விடவில்லை. கடைசியில் ஒன்றுக்குப் போகிற சாக்கில் எழுந்து கொஞ்ச தூரம் நடந்துவிட்டு வந்தார்.

திரும்பி வந்து படுத்தார். முதுகு குளிரவில்லை.

தொழில்காரர் முதுகல்லவா, உடனே கண்டுகொண்டது. ஸ்பாஞ்சுக்கு அடியில் இன்னொன்று இருந்தது. மெதுவாகக் கையை விட்டுத் தடவினார். மெலிசு, வழவழப்பு, அமுங்காத விளிம்பு. பக்கத்து ஹாமக்கில் மாப்பிள்ளை அசையாமல் படுத்திருந்தார். குஷன்காரருக்கு முகம் சுட்டது. பார்த்திருப்பானோ, நான் நடுங்கினது காதில் விழுந்திருக்குமோ, காலையில் மகளிடம் சொல்லிவிடுவானோ என்றெல்லாம் யோசித்தார். யோசித்தபடியே சூடு பிடித்து நன்றாகத் தூங்கியும் போனார்.

வெயில் முகத்தில் அடித்த பிறகுதான் எழுந்தார். மகள் அடுப்பை மூட்டிக் காப்பி கலந்துகொண்டிருந்தாள். மாப்பிள்ளை கொண்டுவந்த துணியையெல்லாம் சுற்றிக்கொண்டு அடுப்போரம் குந்தியிருந்தார். கையில் இருந்த கோப்பை நடுங்கிக் காப்பி சிந்தியது.

"குளிரலையாப்பா உங்களுக்கு?" என்றாள் மகள்.

உண்மையைச் சொல்லத்தான் வாயைத் திறந்தார். "குளிரா? நம்ம சரக்கு மேல படுத்தவனுக்கு ஏது குளிரு!" என்று வந்தது.

"நீங்க ஏன் இப்படி நடுங்குறீங்க?" என்று அவள் கணவன் பக்கம் திரும்பினாள். "அந்த மேட் என்னாச்சு?"

"மெலிசுதானே அது. மாமா சொன்னதுதான் சரி."

மகள் முகம் மலர்ந்துவிட்டது. இரண்டு பேருக்கும் ஒத்துப்போய்விட்டது என்று நினைத்திருப்பாள். "அப்போ எங்களுக்கும் நீங்களே வெட்டிக் குடுத்துடுங்கப்பா," என்று சொல்லி அப்பாவின் தோளில் தட்டினாள். மகள் இப்படித் தன்னைத் தொட்டுப் பேசி எவ்வளவோ நாளாயிற்று. அது குஷன்காரருக்குத் திருட்டுச் சொத்து மாதிரி உறுத்தியது.

மூட்டை கட்ட அவள்தான் முதலில் எழுந்தாள். அப்பாவின் ஹாமக்கிலிருந்து ஸ்பாஞ்சை உருவியவள் அப்படியே நின்றுவிட்டாள். நீல மேட் தலையிலிருந்து கால்வரை சீராக விரிந்து கிடந்தது.

"நான்தான் காலையில அங்க வச்சேன்," என்றார் மாப்பிள்ளை அவசரமாக. "ஈரம் பட்டிருந்தது, காயட்டும்னு."

மகள் அப்பாவைப் பார்த்தாள். இன்னும் கொஞ்ச நேரம் வாயை மூடிக்கொண்டிருந்தால் அந்தப் பொய் நின்றிருக்கும். ஆனால் நடுங்கிக்கொண்டே தனக்காகப் பொய் சொல்கிற மனிதனைப் பார்க்கக் குஷன்காரரால் முடியவில்லை.

"ராத்திரியே போட்டுட்டாரும்மா. நான் எழுந்து போனப்போ," என்றார். "படுத்ததுமே எனக்குத் தெரிஞ்சுபோச்சு. தெரிஞ்சுதான் படுத்திருந்தேன்."

அவள் திட்டினால் தேவலை என்றிருந்தது. அவள் திட்டவில்லை. மாப்பிள்ளைதான் கோப்பையைக் கீழே வைத்துவிட்டு, கூச்சத்தோடு பேசினார்.

"உங்களுக்குத் தெரிஞ்சுபோச்சுன்னு எனக்கும் தெரியும் மாமா. கைய விட்டுத் தடவிப் பாத்தீங்க. எங்க எழுந்து வந்து திருப்பிக் குடுத்துடுவீங்களோன்னு ரொம்ப நேரம் பயந்துகிட்டே படுத்திருந்தேன்."

திருப்பிக் கொடுக்கலாம் என்ற நினைப்பே அந்த ராத்திரியில் ஒரு தடவைகூடத் தனக்கு வரவில்லை என்பது குஷன்காரருக்கு அப்போதுதான் உறைத்தது.