சித்தி பாத்திரம் கழுவாத திருவிழா

சித்தி ஞானமேரி ஓராண்டாக ஜெபமாலையில் தினமும் ஒருவனை நினைத்து வந்தார். மைக் செட் உத்திராபதியை. அவன் நலனுக்காக அல்ல.

சித்தப்பா சவரிநாதன் பிரெஞ்சுப் பட்டாளத்திலிருந்து ஓய்வு பெற்றுத் திரும்பும்போது கப்பலில் ஒரு வண்டியும் கொண்டுவந்தார். உள்ளேயே கட்டில், அடுப்பு, பாத்திரம் கழுவத் தொட்டி, ஃப்ரிட்ஜ். மண்டபத்தூர் மாதா திருவிழாவுக்கு அதைக் கடற்கரைத் திடலில் நிறுத்திக் குடும்பத்தோடு தங்குவோம். திடலுக்குக் கரண்ட் கொடுப்பவன் உத்திராபதி.

கம்பத்திலிருந்து ஒரு ஒயர்தான் இழுப்பான். இரண்டாவது ஒயர் ஆடம்பரம் என்பது அவன் கொள்கை. அதற்குப் பதில் மணலில் ஒரு கடப்பாரை; கரண்ட் மண் வழியாகத் திரும்பிக்கொள்ளும். மணல் ஈரமாக இருந்தால் லைட் பளிச்சென்று எரியும், காய்ந்தால் மங்கும். ஈரத்துக்கும் வழி வைத்திருந்தான்: எங்கள் தொட்டித் தண்ணீர் வெளியே விழும் குழாய்க்கு நேர் கீழே கடப்பாரையை அடித்துவிட்டான்.

போன வருஷம் எல்லோரும் பூசைக்குப் போனோம். பாத்திரம் கழுவ ஆளில்லை. மணல் காய்ந்து கரண்ட் இறங்கி, ஃப்ரிட்ஜ் மோட்டார் முனகி முனகிக் கருகியது. உள்ளே இருந்த மீன், தங்கச்சி அற்புதத்தைப் பெண் பார்க்க வருபவர்களுக்கானது. வந்தவர்கள் வண்டிக்கு வெளியிலேயே மூக்கைப் பொத்திக்கொண்டு நிற்க, உத்திராபதி மைக்கில் அறிவித்தான்: "பிரான்சு வண்டியிலேர்ந்து ஒரு மாதிரி வாடை வர்றதால, பக்தர்கள் காத்துக்கு எதிர்ப்பக்கமா உக்காரும்படி கேட்டுக்கறோம்!"

சம்பந்தம் அன்றே போனது.

இந்த வருஷம் வேறொரு குடும்பம் தேருக்கு மறுநாள் மத்தியானம் பெண் பார்க்க வருவதாக இருந்தது. புது ஃப்ரிட்ஜில் வஞ்சிரம். பி.எஸ்ஸி. இரண்டாம் ஆண்டுப் படிப்பை வைத்து நான் ஒரு பெட்டி செய்திருந்தேன். அதில் வோல்ட் காட்டும் முள் நூற்றெண்பதுக்குக் கீழே இறங்கினால் வண்டியைத் தானே துண்டித்துவிடும். ஏறி நிலைத்த பிறகு, மறுபடி இணைக்கப் பொத்தானை அழுத்த வேண்டும்.

"கரண்ட் எறங்குனா வண்டிக்கு ஒண்ணும் ஆவாதுல்ல?" என்றார் சித்தி.

"ஆவாது சித்தி."

"அப்பச் சரி."

தேரன்று எல்லோருக்கும் இலையில் சாப்பாடு.

சாயங்காலம் மாதா பாட்டு இழுக்க ஆரம்பித்தது. பாடிய பெண்மணிக்குப் படிப்படியாக ஆண் குரல் வந்தது. சீரியல் லைட் பீடி நெருப்பாகச் சிவந்தது. என் பெட்டி 'டக்' என்றது.

"மீனு என்னடி ஆவறது?" என்று பதறினார் சித்தப்பா.

"ஃப்ரிட்ஜ் கதவைத் தொறக்காதீங்க. மீனு தாங்கும். அவன் தாங்க மாட்டான்" என்றார் சித்தி.

கூட்டத்தில் யாரோ, "உத்திராபதி, பாட்டுக்கு ஜொரமாய்யா?" என்று கத்தினார்கள். அவன் எங்களிடம் ஓடிவந்தான்.

"அக்கா, சாப்புட்டாச்சுங்களா?"

"ஆச்சு தம்பி."

"பாத்திரமெல்லாம்..."

"எல போட்டுட்டோம்."

"காப்பி டம்ளராச்சும் இருக்குமே? குடுங்க, நானே கழுவித் தர்றேன்."

"ஐயோ, வீட்டுக்கு வந்தவங்களக் கழுவச் சொல்லுவாங்களா?"

திடலின் அந்தக் கோடியில் அடிபம்ப். ரப்பர் செருப்பை மாட்டிக்கொண்டு குடத்தோடு ஓடினான். ஊற்றினான், முள் ஏறியது. இசைத்தட்டு மாற்ற ஓடினான். மணல் குடித்துவிட்டது, முள் இறங்கியது. மறுபடி குடம். தேர் கிளம்புவதற்குள் அவன் வேட்டி பிழியும் பதத்துக்கு வந்திருந்தது. சித்தி கடப்பாரைக்குப் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்தார்.

"தம்பி, இந்தப் பக்கம் இன்னும் காஞ்சிருக்கு பாருங்க."

ஊற்றிவிட்டுக் குடத்தைக் கீழே வைத்தான். குரலைத் தாழ்த்தி, "அக்கா, போன வருஷம் வாடைன்னு சொன்னது தப்புதாங்க" என்றான்.

"மைக்குல சொன்னதுக்கு என் காதுல வந்து தப்புங்கறீங்களே தம்பி."

மைக்கைப் பார்த்தான். அதற்கு முன்னால் ஊரே உட்கார்ந்திருந்தது. பம்பைப் பார்த்தான். அங்கே ஒருவரும் இல்லை. குடத்தைத் தூக்கிக்கொண்டு பம்புக்கு நடந்தான்.

"பொத்தான அமுக்குடா," என்றார் சித்தி. "நாளைக்கு மத்தியானம் வரைக்கும் ஊத்துவான்."

அழுத்தினேன். ஃப்ரிட்ஜ் உறுமியது. திறந்து பார்த்தேன், மீன் உறைந்து கல்லாக இருந்தது.