இறுக்கி அடித்த கை

வலது மணிக்கட்டில் ஆரம்பித்த குடைச்சல் முழங்கைக்கு ஏறி, தோள்பட்டையில் போய் உட்கார்ந்துகொண்டது. இருளம்மாள் இடது கையால் சோறு தின்னப் பழகி மாசக்கணக்காகிறது. பார்க்கிறவர்கள் முகம் சுளிப்பார்கள் என்று சுவரைப் பார்த்து உட்கார்ந்துதான் தின்பாள். வெடிக் கம்பெனியில் அவளுக்கு மண் அடைக்கிற வேலை. காகிதக் குழாயின் அடியில் களிமண்ணைப் போட்டு, குச்சியை வைத்து, சுத்தியலால் இறுக்கி அடிக்க வேண்டும். மண் இறுகியிருந்தால்தான் வெடி சொன்னபடி போகும். கீறல் விட்டால் நெருப்பு பின்பக்கமாகச் சீறி, பற்றவைத்தவன் காலில் ஏறும். கலியாணமாகி வந்த வருசத்திலிருந்து அடித்த அடியெல்லாம் இப்போது எலும்புக்குள் நின்று திருப்பி அடித்தது.

சுத்தியல் பிடிக்க முடியாமல் போனதும் முதலாளி கனகசபாபதி அவளை வீட்டுக்கு அனுப்பிவிடவில்லை. தன் மகளுக்கு மண் பிசைய ஆள் வேண்டும், அங்கே போ என்றார். மகள் சுகிர்தா வடக்கே எங்கோ மண் கலை படித்துவிட்டு வந்து, எம். புதுப்பட்டிக்கு வெளியே, முன்பு குழாய் உருட்டிய ஷெட்டில் கேஸ் சூளை போட்டிருந்தாள்.

பானை செய்வாள் என்று நினைத்துப் போனால் பானையும் இல்லை, சட்டியும் இல்லை. கண்மாய்க் கரிசலை வெள்ளைக் களியோடு கலந்து, முறம் அகலத்துக்குத் தட்டுகளாகத் தட்டி, காயப்போட்டுக் கீறல் விட வைத்தாள். தண்ணீர் வற்றின கண்மாய்த் தரை எப்படிப் பாளம் பாளமாக வெடித்துக் கிடக்குமோ, அப்படி. அதன்மேல் சீமைக்கருவேலச் சாம்பலைக் கரைத்து ஊற்றுவாள். சூளைக்குள் அது கண்ணாடியாக உருகி, கீறலுக்குள் பாசித் தண்ணீர் மாதிரி தேங்கி நிற்கும்.

முதல் நாளே இருளம்மாள் அந்தக் கீறலையெல்லாம் ஈர விரலால் மெழுகி அடைத்துவிட்டு, வாங்குகிற சம்பளத்துக்கு வேலை செய்த திருப்தியோடு நின்றாள். சுகிர்தா தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டாள்.

"அக்கா, அது வெடிக்கட்டும்னுதான் ஒரு வாரமா காத்துக் கிடந்தேன்."

இருளம்மாளுக்கு ஒன்றும் பிடிபடவில்லை. கண்மாய் வெடித்தால் ஊர் கஞ்சிக்கு அலையும். அதைச் செய்து சுவரில் மாட்டுகிறவர்கள் யார்? மாட்டிவிட்டு என்ன செய்வார்கள்? இருந்தாலும் அந்தச் சூளை மட்டும் அவள் கண்ணை விட்டுப் போகவில்லை. அவளுக்கு ஒரு மண் கை சுட வேண்டியிருந்தது.

பங்குனியில் கம்பெனியில் வெடிமருந்து கலக்கிற அறையில் தீப்பிடித்து, மகன் மாரிக்கண்ணனின் வலது கை வெந்துபோனது. மதுரை ஆஸ்பத்திரி வராண்டாவில் நின்று, இருக்கன்குடி மாரியாத்தா கோயில் எந்தத் திசை என்று தெரியாமல் ஏதோ ஒரு பக்கம் கும்பிட்டு, "எம் பிள்ள கையத் திருப்பிக் குடு ஆத்தா, என் கையாலயே ஒரு மண் கை செஞ்சு ஒன் சன்னதியில வைக்கேன்" என்று நேர்ந்துவிட்டாள். கோயில் வாசலில் விற்கிற கையை வாங்கி வைப்பதாக நேர்ந்திருந்தால் அன்றே லேசாக முடிந்திருக்கும். பதட்டத்தில் வாய் அப்படிச் சொல்லிவிட்டது.

கை வந்தது. ஆனால் மோதிர விரலும் சுண்டு விரலும் உள்பக்கமாக ஒட்டிக்கொண்டு விரிய மறுத்தன. இது திருப்பிக் கொடுத்ததா, பாதி கொடுத்ததா? பாதிதான் என்றால் நேர்ச்சையும் பாதியா? எந்தக் கையைச் செய்து வைப்பது, பழைய கையையா, இப்போது இருக்கிற கையையா? யாரிடமும் கேட்க முடியாத கேள்விகள். ஆடிக் கடைசி வெள்ளி கழிந்த திங்கள்கிழமை அவன் மறுபடியும் வேலைக்குப் போகிறான். நேர்ச்சைக் கடனை வைத்துக்கொண்டு அவனை மருந்துப் பக்கம் அனுப்ப அவளுக்குத் துணிச்சல் இல்லை. கொடுத்தவளுக்குத் திருப்பி எடுக்க எம்புட்டு நேரமாகும்?

அளவு பார்க்கக் கையை நீட்டச் சொன்னதற்கு மாரிக்கண்ணன் சட்டைக்குள் இழுத்துக்கொண்டான்.

"இந்தக் கைய ஆத்தாகிட்ட வேற காட்டணுமாக்கும். அவளுக்குத் தெரியாதா?"

"தெரியாமத்தான் ரெண்டு வெரல விட்டுட்டா போல."

"அப்ப மூணு வெரலோட செஞ்சு வையி. கணக்குச் சரியாப் போகும்."

கடைசியில் தன் கையையே பார்த்துச் செய்தாள். இரண்டு விரலை மடக்கினாள், நிமிர்த்தினாள், மறுபடி மடக்கினாள். சாமிக்கு வைப்பது முழுசாக இருக்கட்டும் என்று ஐந்தையும் நிமிர்த்திவிட்டாள். மண் வேலையில் அவளுக்குத் தெரிந்தது ஒன்றுதான். ஈரமண்ணை வலியோடு வலியாகக் குத்தி, அடித்து, உள்ளங்கையைச் செங்கல் கனத்துக்கு இறுக்கினாள். நிழலில் காயவைத்தாள். மேல்தோல் வெளுத்ததும் காய்ந்துவிட்டது என்று எடுத்துக்கொண்டு போனாள்.

சுகிர்தா அப்போது ஒரு கையில் செல்போனும் ஒரு கையில் தட்டுமாகச் சூளையை அடுக்கிக்கொண்டிருந்தாள். சென்னையில் கண்காட்சி நெருங்கிவிட்டது.

"உள்ள காலியா, கூடு மாதிரி விட்டிருக்கீங்களாக்கா?"

"ஒரு பொட்டுக் காத்து போகாது பாப்பா. இறுக்கி அடிச்சிருக்கேன்."

சுகிர்தா போனில் யாருக்கோ பதில் சொல்லிக்கொண்டே தலையாட்டி, கீழ் மூலையைக் காட்டினாள். இருளம்மாள் மண் கையை வைத்தாள். நெருப்பு மூட்டினார்கள்.

டீக்குத் தண்ணீர் வைக்கப் போனவளின் முதுகுக்குப் பின்னால் அந்தச் சத்தம் கேட்டது. அமுங்கின சத்தம். வெட்டவெளியில் வெடிக்கிற வெடிக்கு யாரும் திரும்பிக்கூடப் பார்க்கமாட்டார்கள். அறைக்குள்ளிருந்து வருகிற இந்தச் சத்தத்துக்குத்தான் ஊருக்குக் கால் முளைக்கும். பக்கத்து ஷெட்டுப் பெண்கள் செருப்பை விட்டுவிட்டு ரோட்டுக்கு ஓடினார்கள். ஓடி நின்றதும் ஒருத்தியை ஒருத்தி தேடினார்கள். பொன்னுத்தங்கம் எங்கே, சொர்ணலட்சுமி எங்கே என்று பெயர் பெயராகக் கூப்பிட்டார்கள். எல்லாரும் இருந்தார்கள். மாரிக்கண்ணன் வீட்டிலிருந்து கையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு ஓடிவந்தான்.

சூளை நின்ற இடத்தில் நின்றது. சுகிர்தா முகம் வெளுத்துப்போய், ஈரம் உள்ளே இருந்தால் மண் வெடிக்கும், கனமாக இருந்தால் மோசமாக வெடிக்கும், தான் எடுத்துப் பார்த்திருக்க வேண்டும் என்று சொல்லிக்கொண்டிருந்தாள். இருளம்மாளுக்குப் பாதிதான் காதில் விழுந்தது.

"நான் மருந்து ஒண்ணும் வைக்கலயே பாப்பா. வெறும் மண்ணுதான."

மாரிக்கண்ணன் மூச்சு வாங்கிக்கொண்டே சிரித்தான். "மருந்தில்லாம வெடி போட்ட மொத ஆளு நீதாம்மா. முதலாளிட்ட சொல்லு, ஆர்டர் பிடிச்சிருவாரு."

பெண்கள் சிரித்தார்கள். அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. வெடிக்காமல் இருப்பதற்காக வாழ்நாளெல்லாம் இறுக்கி அடித்தாள். இறுக்கி அடித்ததால் வெடித்ததாம். எதை நம்புவது?

சுகிர்தா நெருப்பை அணைக்கவில்லை. நடந்தது நடந்துவிட்டது, பார்ப்போம் என்று எரியவிட்டாள். மறுநாள் ஆறவிட்டு, வியாழக்கிழமை காலையில் கதவைத் திறந்தாள். கீழ்த்தட்டுகள் சில்லுச் சில்லாகக் கிடந்தன. பெரிய தட்டு ஒன்று மட்டும் முழுசாக இருந்தது. அதன் நடுவில், உருகி உறைந்த பச்சைக்குள், வெடித்த மண் கையிலிருந்து தெறித்த ஒரு விரல் பதிந்து கிடந்தது. வற்றின கண்மாய்ச் சேற்றில் யாரோ புதைந்து, விரல் மட்டும் வெளியே தெரிகிற மாதிரி.

ஏச்சு விழும் என்று இருளம்மாள் ஒதுங்கி நின்றாள். விழுந்திருந்தால் மனசு ஆறியிருக்கும். சுகிர்தா தரையில் குத்தவைத்து, அந்தத் தட்டை மடியில் ஏந்திக்கொண்டாள். இதுவரை செய்ததிலேயே இதுதான் சரியாக வந்திருக்கிறது என்றாள். கண் கலங்கியிருந்தது. சந்தோசமா வருத்தமா என்று கண்டுபிடிக்க முடியவில்லை.

"அந்த வெரலப் பேத்துக் குடுத்துருங்க பாப்பா. அது ஆத்தா பொருளு."

"பேத்தா தட்டு உடைஞ்சிரும்க்கா. வெரலும் உடைஞ்சிரும்."

வேறொரு கை நானே அழகாகச் செய்து தருகிறேன் என்றாள். அவள் செய்தால் அது அவள் கை செய்தது. நேர்ச்சை அப்படி இல்லை. இன்னொன்று தானே செய்யலாமென்றால் விடிந்தால் வெள்ளி. மணிக்கட்டோ பன் ரொட்டி மாதிரி வீங்கியிருந்தது. பதிந்தது எந்த விரல் என்று உற்று உற்றுப் பார்த்தாள். சுண்டு விரலா, மோதிர விரலா? நெருப்பு எல்லா விரலையும் ஒன்றுபோல ஆக்கியிருந்தது.

தட்டு வைக்கோலில் பொதியப்பட்டு சென்னைக்கு லோடு ஏறியது.

வெள்ளிக்கிழமை இருக்கன்குடியில் கூட்டம் நெரிந்தது. வாசல் கடையில் மண் கைகள் குவிந்து கிடந்தன. மனசு கேட்காமல் ஒன்றை எடுத்தாள். இடது கை. வலது கை கேட்டாள். எல்லாம் ஒரே அச்சுதான், சாமிக்கு இடது வலதா தெரியும் என்றான் கடைக்காரன். தெரியுமா தெரியாதா என்று யோசித்து நின்றவளைப் பின்னால் வந்தவர்கள் தள்ளினார்கள். கையைக் குவியலிலேயே வைத்துவிட்டு வெறுங்கையோடு வரிசையில் போய், வெறுங்கையோடு கும்பிட்டு வந்தாள்.

திங்கள்கிழமை காலையில் மாரிக்கண்ணன் சோற்று வாளியை அந்த மூன்று விரலில் மாட்டிக்கொண்டு கம்பெனி வேனில் ஏறினான். வேன் போன திசையைப் பார்த்து, வலது கையைத் தூக்க முடியாமல், இருளம்மாள் இடது கையை நெற்றியில் வைத்துக்கொண்டாள். இருக்கன்குடி மாரியாத்தாளுக்கு அவள் ஒரு மண் கை தர வேண்டும். வலது கை.