மூடிய இடாப்பு

திங்கட்கிழமை இருபத்து மூன்று பிள்ளைகள். புதன்கிழமை பதினெட்டு. வெள்ளிக்கிழமை பதினொன்று. சண்முகவடிவுக்குத் தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை.

பொகவந்தலாவைக்கு மேலே இருந்த அந்தத் தேயிலைத் தோட்டப் பள்ளிக்கூடத்தில் கொட்டகைபோல ஒரே மடுவம், ஐந்து வகுப்பு, ஒரே வாத்தியார். ஹட்டனில் தங்கிப் படித்து எஸ்.எஸ்.ஸி. எழுதிவிட்டு, முடிவு வரும்வரை லயத்து வீட்டில் சும்மா இருக்கப் பிடிக்காமல், சின்ன வகுப்பைத் தான் பார்த்துக்கொள்வதாக அவளே போய்க் கேட்டாள். சம்பளம் வேண்டாம் என்றதும் பொன்னையா மாஸ்டர் மறுபேச்சுப் பேசவில்லை.

வந்ததும் முதல் வேலையாகப் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளின் வரவைக் குறிக்கும் இடாப்பை ஒழுங்குபடுத்தினாள். மாஸ்டர் பள்ளிக்கூடம் விடுகிற நேரத்தில் குத்துமதிப்பாகக் கோடு போடுகிறவர். இவள் காலை எட்டு மணிக்கே வாசலில் நின்று பெயர் கூப்பிட்டாள். கடைசிப் பெயர் முடிந்ததும் இடாப்பைப் பட்டென்று மூடினாள். ஹட்டனில் அப்படித்தான்.

"அடிக்கிறியா?" என்றார் மாஸ்டர், வெள்ளிக்கிழமைக் கணக்கைப் பார்த்துவிட்டு.

"குச்சியவே தொடலைங்க சார்."

"நான் பத்து வருசமா அடிக்கிறேன், ஒரு புள்ள ஓடல. நீ அடிக்காமலே ஓட்டிப்புட்டியே! திங்கக்கிழமையும் இப்படின்னா நீ வீட்டுலயே இரும்மா. புள்ள இல்லேன்னா தோட்டத்துத் தொர இந்த மடுவத்துல உரமூட்டய அடுக்கிருவாரு."

அவளுக்குக் கோபம் மண்டைக்கு ஏறியது. யார்மேல் என்றுதான் தெரியவில்லை.

அன்று சாயங்காலம் பீலியடியில் வேலாயி குடத்தில் தண்ணீர் பிடித்துக்கொண்டிருந்தாள். ஒன்பது வயது. புதன்கிழமையிலிருந்து வரவில்லை. பக்கத்தில் அவள் அம்மா வீரம்மா கொழுந்துச் சாயம் ஏறிய விரல்களைக் கல்லில் தேய்த்துக்கொண்டிருந்தாள்.

"ஏன் சின்னம்மா புள்ளய அனுப்பல?"

"நல்லாருக்கே ஞாயம்! நீதான புள்ள வெரட்டிவிட்ட?"

"நானா?"

"நான் கொழுந்து பறிக்கிற மலைக்குத் தேத்தண்ணி கொண்டாந்து குடுத்துட்டு ஓடியாந்திருக்கா. வாசலுக்கு வர்றப்ப நீ இடாப்ப மூடிட்டியாம். திரும்பி வந்துட்டா."

"வான்னு கூப்பிட்டேனே வேலாயி! நீ ஏன் ஓடுன?"

வேலாயி குடத்தைப் பார்த்தபடி சொன்னாள்: "மூடிட்டீங்கல்ல வடிவக்கா."

வீரம்மா சிரித்தாள். "காலையில வேலைக்குப் பேரு கூப்புடுற பெரட்டுக்குப் பிந்திப் போனா கண்டாக்கு எங்க பேரு பதியுற செக்ரோல மூடிருவாரு. நின்னு பல்லக் காட்டுனா ஏச்சுத்தான் விழும். அன்னிக்குச் சம்பளமில்லாம திரும்பி வீட்டுக்கு வந்துருவோம். இது லயத்துல கைப்புள்ளைக்கும் தெரியும். உனக்கு ஹட்டன்ல சொல்லித்தரலியா?"

சொல்லித்தரவில்லை. பெரட்டுக் களத்துப் பக்கம் போகாதே என்று சொல்லியே அவளை அம்மா வளர்த்திருந்தாள். தானும் ஒரு கண்டாக்காகத்தான் நின்றிருக்கிறோமா? வீட்டுக்குப் போய்ச் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தாள்.

திங்கட்கிழமை பெயர் கூப்பிட்டு முடித்தும் இடாப்பை மூடவில்லை. எட்டரை மணிக்கு வேலாயி காலித் தேத்தண்ணிப் போத்தலோடு வாசலில் வந்து நின்றாள்.

"வா உள்ள."

நகரவில்லை.

"டீச்சர், லேட்டு டீச்சர்! வெரட்டுங்க டீச்சர்!" என்று உள்ளேயிருந்து அழகுமுத்து கத்தினான். வகுப்பே சிரித்தது.

சண்முகவடிவு போய்க் கையைப் பிடித்து இழுத்து வந்து வாங்கில் உட்காரவைத்தாள். அதைப் பார்த்துவிட்டு, மண்மேட்டுக்குப் பின்னால் பதுங்கியிருந்த நான்கு பேர் ஒருவர் முதுகில் ஒருவர் ஒட்டியபடி வந்தார்கள். இன்னும் மூன்று பேர் வந்தார்கள். பத்தொன்பது. அந்தக் கோடியிலிருந்து மாஸ்டர் தலையை நீட்டி எண்ணினார்.

"சரி, நாளைக்கும் வா," என்றார்.

சந்தோஷப்பட வேண்டிய நேரம். வேலாயி சண்முகவடிவின் சேலை முந்தானையைப் பிடித்து இழுத்தாள்.

"பிந்தி வந்தா எங்கம்மாவயும் இப்படி உள்ள விடச் சொல்லுவீங்களா டீச்சர்?"

"யாருகிட்டடி?"

"கண்டாக்கையாகிட்ட. நீங்கதான் படிச்சிருக்கீங்கல்ல."

மொத்த வகுப்பும் டீச்சரின் வாயையே பார்த்தது.

"தெரியலடி," என்றாள். திறந்தே கிடந்த இடாப்பில் வேலாயியின் பெயருக்கு நேரே கோடு போட்டாள்.