உம்தாவின் இரத்தம்

என் ஓரகத்தி ரதீபாவுக்கும் எனக்கும் பேச்சு நின்று ஆறு வருடமாகிறது. மொட்டைமாடிக் கொடியில் யார் முதலில் துணி காயப்போடுவது என்று ஆரம்பித்த சண்டை. அவள் மூன்றாம் மாடி, நான் இரண்டாம் மாடி. எங்கள் வீட்டுக்காரர்கள் அண்ணன் தம்பி. அலெக்ஸாந்திரியா துறைமுகத்துக்கு ஒன்றாகப் போய் ஒன்றாக வருவார்கள். வீட்டுக்குள் நுழைந்ததும் இரண்டு பேருக்கும் காது கேட்காமல் போய்விடும்.

எனக்குப் பிள்ளை இல்லை. சிம்சிம் என்றொரு பூனை உண்டு. போன குளிர்காலத்தில் அது மெலிந்தபோது டாக்டர் மக்ரம் சோதித்துப் பார்த்து, பூனைகளுக்கு வரும் இரத்தப் புற்றுக் கிருமி என்றார். கிருமியை விரட்ட மருந்து இல்லையாம். வெளியே விடாமல், வேளைக்கு மாத்திரையும் ஊசியும் கொடுத்து, இரத்தம் குறையாமல் பார்த்துக்கொண்டால் இன்னும் சில வருடம் ஓட்டலாம் என்றார். எனக்கு அது போதும். மாத்திரையை வெண்ணெயில் உருட்டிக் கொடுத்தேன். வெளுத்த ஈறில் சிவப்பு திரும்பியது. ஜன்னல் திண்டில் ஏறி, தெருப் பூனைகளை அதிகாரம் பண்ணவும் ஆரம்பித்தது.

பிறகு திடீரென்று விழுந்தது. ஈறு சுண்ணாம்பாகிவிட்டது, மூச்சு வாங்கியது, மூத்திரம் தேநீர் நிறத்தில் போனது. அதைத் துடைக்கப் பால்கனிக்குப் போனவள் பூந்தொட்டிக்குப் பின்னால் ஒரு துண்டு ஈரலைப் பார்த்தேன். வறுத்த ஈரல், மேலே ஏதோ அப்பியிருந்தது. எனக்கு விளங்கிவிட்டது. ரொட்டி வாங்க ரதீபா மேலேயிருந்து தெருவுக்கு இறக்கும் கயிற்றுக்கூடை கொஞ்ச நாளாக என் பால்கனி அருகில் வந்து நின்றுவிட்டுத்தான் கீழே போகும். என் வெளிச்சத்தை மறைக்கத்தான் செய்கிறாள் என்று நினைத்திருந்தேன்.

பால்கனியில் நின்று வாயைத் திறந்தேன். விஷம் வைத்தவள், வாயில்லா ஜீவனைக் கொன்றவள் என்று தெரு முழுக்கக் கேட்கும்படி கத்தினேன். கீழே காப்பிக்கடையில் டொமினோ ஆட்டம் நின்றது. மேலேயிருந்து பதில் வந்தது.

"உன் பூனைக்கு விஷம் வேற காசு குடுத்து வாங்கணுமாடி? உன் மூஞ்சியைப் பார்த்துக்கிட்டே இருந்தா அதுவே செத்துப்போகும்."

சிம்சிமைத் துண்டில் சுற்றிக்கொண்டு ஓடினேன். டாக்டரிடம் விஷம் என்றேன். இரத்தத்தை மைக்ரோஸ்கோப்பில் பார்த்துவிட்டுச் சொல்கிறேன், ஆனால் அதற்குள் வேறு பூனையின் இரத்தம் ஏற்றியாக வேண்டும் என்றார். இருக்கிற இரத்தம் உடைந்துகொண்டிருக்கிறது, புதிதாக ஊறவிடாமல் கிருமி தடுக்கிறது, சாயங்காலம் வரை தாங்குவதே கஷ்டம். கொடுக்கும் பூனை நல்ல எடையில், வயது குறைந்ததாக, தெருவில் கால் வைக்காததாக இருக்க வேண்டும். எங்கள் தெருவில் பூனைக்கா பஞ்சம்? ஆனால் வாசற்படி தாண்டாத பூனை எனக்குத் தெரிந்து ஒன்றே ஒன்றுதான். ரதீபாவின் உம்தா. கொழுத்த கடுவன்.

மூன்றாம் மாடிக்கு ஏறினேன். அவள் கதவைப் பாதி திறந்து, நான் சொன்னதையெல்லாம் கேட்டாள். முகத்தில் ஒரு அசைவும் இல்லை.

"ஊரறியத் திட்டினே. ஊரறியத் திரும்ப வாங்கு."

அவள் பால்கனிக் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். ரதீபா விஷம் வைக்கவில்லை, நான் சொன்னது பொய் என்றேன். காப்பிக்கடை ஷஹாத்தா கீழேயிருந்து, "சரியா கேக்கலம்மா, இன்னொரு தடவை சொல்லு" என்றான். நாக்கைப் பிடுங்கிக்கொண்டு சாகலாம் போலிருந்தது. இன்னொரு தடவையும் சொன்னேன். திரும்பிப் பார்த்தால், உம்தா கூடைக்குள் தயாராக உட்கார்ந்திருந்தது.

ரதீபாவே கூடையைத் தூக்கிக்கொண்டு டாக்டரிடம் கூட வந்தாள். உம்தாவுக்குக் கிருமி இல்லை, இரத்தமும் சேர்ந்தது. மயக்க ஊசி போட்டு, கழுத்து மயிரை வழித்து, டாக்டர் இரத்தம் எடுத்தார். துளித்துளியாக அது சிம்சிமுக்குள் இறங்க ஆரம்பித்த பிறகுதான் எங்கள் பக்கம் திரும்பினார்.

"விஷம் இல்லம்மா. பூண்டு. பூண்டு, வெங்காயம் ரெண்டும் பூனையோட இரத்தத்தை உடைச்சிரும். நல்ல பூனையே தாங்காது, இது எங்க தாங்கும்? யாரு குடுத்தது?"

ரதீபாவின் முகம் சிம்சிமின் ஈறைவிட வெளுத்தது.

"அதுக்கு இரத்தம் கம்மின்னு எங்க வீட்டுக்காரர் சொன்னாரு. இரத்தம் கம்மின்னா ஈரல்தானே குடுப்பாங்க? பிள்ளை பெத்துக் கிடந்தப்போ எனக்கும் இப்படித்தான் பூண்டு தட்டிப் போட்டு வறுத்துக் குடுத்தாங்க."

"என் பூனைக்கு நீ ஏன் குடுத்தே?" என்றேன்.

"எனக்கும் உனக்கும்தான் சண்டை. பூனைக்கும் எனக்கும் என்ன?"

உண்மையைச் சொல்கிறேன், எனக்குச் சந்தோஷமாக இருந்தது. தெரிந்தோ தெரியாமலோ, செய்தது அவள்தான். நான் கத்தியது பொய்யில்லை. பொய் என்று என்னைச் சொல்லவைத்தது இவள். வட்டியும் முதலுமாகத் திருப்பிக் கொடுக்க நாள் வந்துவிட்டது.

சூரியன் இறங்கும் நேரத்தில் சிம்சிமின் ஈறில் லேசாகச் சிவப்பு தெரிந்தது. தலையைத் தூக்கி என்னைப் பார்த்தது. இன்று பிழைத்துவிட்டது, இங்கேயே இருக்கட்டும் என்றார் டாக்டர். ஆனால் கிருமி இருக்கும்வரை இரத்தம் மறுபடி குறையலாம், உம்தாவைத் தேற விட்டு மறுபடி கேட்க வேண்டியும் வரலாம் என்றார்.

டாக்ஸி பிடித்துத் திரும்பினோம். உம்தா வழியெல்லாம் மயக்கம் தெளியாமல் முனகிக்கொண்டு வந்தது. தெருமுனையில் இறங்கினோம். காப்பிக்கடையில் அத்தனை பேரும் எங்களைத்தான் பார்த்தார்கள். என்ன ஆச்சு, விஷம்தானா என்று ஷஹாத்தா கேட்டான்.

சொல் நாக்கு நுனிவரை வந்துவிட்டது. அடக்கிக்கொண்டேன். இரக்கம் என்று யாரும் நினைக்க வேண்டாம். அவள் வீட்டுக் கடுவனின் இரத்தம் எனக்கு இன்னும் தேவை.

"வியாதிதான். வேற ஒண்ணும் இல்ல" என்றேன்.

ரதீபா கூடையைக் கீழே வைத்தாள்.

"இல்ல. நான்தான் பூண்டு போட்ட ஈரல் குடுத்தேன். பால்கனியில இவ மொதல்ல கத்தினாளே, அதுதான் நெஜம். அப்புறம் சொன்னது நான் சொல்லவெச்சது."

யாரும் சிரிக்கவில்லை. ஷஹாத்தா எழுந்து அவளுக்கு நாற்காலி போட்டான். அவள் உட்காராமல், கூடையை எடுத்துக்கொண்டு படியேறிப் போய்விட்டாள்.

ஆறு வருடத்தில் நியாயம் என் பக்கம் வந்தது அந்த ஒரு தடவைதான். அதைக்கூட என் வாயால் சொல்ல விடவில்லை. அன்றைக்கு வெறுத்ததுபோல் நான் அவளை என்றைக்கும் வெறுத்ததில்லை.