கட்டை என் பையில்

மச்சினன் கடைசியாகக் கேட்டது வயர்மேனின் மூக்குக் கண்ணாடியை.

"மாமா, உங்க கண்ணாடியக் கொஞ்சம் குடுங்க. இந்த நம்பரெல்லாம் எறும்பு படிக்கறதுக்கு எழுதின மாதிரி இருக்கு."

"உனக்குன்னு ஒண்ணு வாங்கித் தொலையேன்டா. எத்தனை வருஷமா சொல்றேன்."

"கண்ணாடி போட்டா பொண்ணு குடுக்க மாட்டாங்க மாமா."

"போடாமயே யாரும் குடுக்கலையே மாப்ள."

ஏணியின் மேல் நின்றபடியே அவன் சிரித்தான். வயர்மேன் கண்ணாடியைக் கழற்றி மேலே நீட்டினார். அவன் தலை பெரிய தலை. தொப்பி வாங்கினாலும் ஹெல்மெட் வாங்கினாலும் கடையில் இருப்பதிலேயே பெரியதுதான் அவனுக்குச் சேரும். கண்ணாடியின் இரண்டு காம்புகளையும் அகட்டி, காதுக்கு மேலே அழுத்தி மாட்டிக்கொண்டான்.

"போச்சு. இனி அது என் மூக்குல நிக்காது."

"நிக்கலைன்னா கயிறு கட்டித் தொங்க விட்டுக்குங்க. வாத்தியார் மாதிரி இருக்கும். போங்க, போய் கட்டையப் பிடுங்குங்க."

அது ஒரு பழைய வீடு. புதிதாக வாங்கியவர் சுவரையெல்லாம் கீறி, உள்ளே குழாய் பதித்து, வீடு முழுவதையும் ஒரே பெட்டிக்குள் கொண்டுவரச் சொல்லியிருந்தார். விளக்கு, மின்விசிறி, ஜன்னல் திரை, தண்ணீர் மோட்டார் எல்லாம் அந்தப் பெட்டி சொன்னால் ஓட வேண்டும், பெட்டி சொன்னால் நிற்க வேண்டும். கன்ட்ரோலர் என்று பெயர். கூடத்துச் சுவரில், ஆள் உயரத்துக்கு மேலே அதைப் பொருத்தியிருந்தார்கள். முப்பத்திரண்டு வயர்கள் அதன் வயிற்றிலிருந்து, பின்னாத தலைமுடி போலத் தொங்கின. ஒவ்வொன்றின் கழுத்திலும் ஒரு நம்பர் வில்லை. எந்த நம்பர் எந்த ஓட்டைக்குள் போக வேண்டும் என்று மச்சினன்தான் தாளில் எழுதி வைத்திருந்தான். படிப்பு ஏறவில்லை என்று பள்ளிக்கூடத்தில் அனுப்பிவிட்ட பையன். இந்தப் பெட்டிகளின் பாஷை மட்டும் அவனுக்குத் தாய்ப்பால் மாதிரி வந்தது. வயர்மேனுக்கு வயர் தெரியும், பெட்டி தெரியாது. அதனால் பெட்டி அவனுடையது, கட்டை இவருடையது.

கட்டை என்பது கேட்டுக்குப் பக்கத்தில், மீட்டருக்குக் கீழே இருந்த பீங்கான் ஃப்யூஸ் கட்டை. அதைப் பிடுங்கினால் வீட்டுக்குள் கரண்ட் வராது. புது வீடுகளில் அதெல்லாம் கிடையாது, ஒரு கறுப்பு ஸ்விட்சைக் கீழே தட்டினால் முடிந்தது. ஆனால் வயர்மேனுக்கு அந்த ஸ்விட்ச்சுகளின் மேல் நம்பிக்கை இல்லை. யாராவது வந்து, "இது ஏன் கீழே கிடக்குது?" என்று மேலே தட்டிவிட்டால்? கட்டை என்றால் அப்படி இல்லை. பிடுங்கிச் சட்டைப் பையில் போட்டுக்கொள்வார். பையில் கை விட்டு எடுத்தால் ஒழிய எவனும் கரண்ட் கொடுக்க முடியாது. போட்டுக்கொண்டதும் ஒரு குரல் கொடுப்பார்: "கட்டை என் பையில!" உள்ளேயிருந்து, "சரி மாமா!" என்று பதில் வந்த பிறகுதான் வேறு வேலை பார்ப்பார். பத்தொன்பது வருஷமாக இதுதான் வழக்கம்.

வேறு யாரோடு வேலை செய்தாலும் மச்சினன் கரண்ட் இருக்கிறதா என்று டெஸ்டரை இரண்டு தடவை வைத்துப் பார்ப்பான். இவரோடு வந்தால் டெஸ்டரைப் பையிலிருந்து எடுக்கவே மாட்டான். ஒருமுறை யாரோ கேட்டதற்கு, "கட்டை எங்க மாமா பையில இருக்கறப்ப டெஸ்டர் வச்சுப் பாத்தா, அது அவர் சொன்னது பொய்யான்னு வாயில கை விட்டுப் பாக்கற மாதிரி," என்று சொன்னான். அதைக் கேட்டபோது வயர்மேனுக்கு உள்ளூரப் பெருமையாகத்தான் இருந்தது.

அன்று திங்கட்கிழமை. அவர் கேட்டுக்குப் போனார். கட்டையைப் பிடுங்கினார். பையில் போட்டார்.

"கட்டை என் பையில!"

"சரி மாமா!"

வீட்டுக்குள் எங்கோ ஒரு சின்ன 'பீப்' சத்தம் கேட்டது. யாருடைய செல்போனோ என்று நினைத்தார். அடுத்து, ஏணி விழுந்த சத்தம் கேட்டது.

அந்தச் சின்னச் சத்தம் படிக்கட்டுக்கு அடியிலிருந்த இன்வெர்ட்டர் போட்ட சத்தம். வெளியே கரண்ட் நின்றதும், பேட்டரியிலிருந்து தான் கரண்ட் கொடுக்க ஆரம்பித்துவிட்டதாக அது சொன்னது. பேட்டரியை முந்தின நாள், ஞாயிற்றுக்கிழமை, பேட்டரி கடைக்காரர் கொண்டுவந்து மாட்டி, ஸ்விட்சையும் போட்டுவிட்டுப் போயிருந்தார். அதில் தப்பு ஒன்றும் இல்லை. பெட்டிக்குப் போகும் வயர் இன்வெர்ட்டரோடு சேராமல் இருந்திருந்தால், பேட்டரி இருந்தாலும் இல்லாவிட்டாலும் மச்சினனுக்கு ஒன்றும் ஆகியிருக்காது.

ஆனால் சேர்ந்திருந்தது. சனிக்கிழமை சேர்த்தார்கள். சேர்த்தவர் வயர்மேன்.

சனிக்கிழமை மச்சினன் பல் வலி என்று வரவில்லை. வீட்டுக்காரர் வந்து, "கரண்ட் போனா இந்தப் பெட்டியும் படுத்துடுமா?" என்று கேட்டார். படுத்துவிடும் என்றார் வயர்மேன். "அப்புறம் எதுக்கு இவ்வளவு பெரிய பெட்டி?" என்றார் அவர். நியாயமான கேள்விதான். வயர்மேன் படிக்கட்டுக்கு அடியில் வயர்களை மூடியிருந்த பலகையைத் திறந்து, பெட்டிக்குப் போகும் பதினேழாம் நம்பர் வயரை மெயினிலிருந்து பிரித்து, இன்வெர்ட்டர் வயரோடு சேர்த்து முறுக்கினார். டேப் சுற்றினார். பலகையை மூடினார். அப்போது பேட்டரி வரவில்லை, இன்வெர்ட்டர் வெறும் டப்பா. மச்சினனிடம் திங்கட்கிழமை சொல்லிக்கொள்ளலாம் என்று நினைத்தார்.

திங்கட்கிழமை காலை முழுவதும் பல்லைப் பற்றியே பேச்சு. பிடுங்கிய பல்லை அவன் காகிதத்தில் மடித்துக் கொண்டுவந்து காட்டினான். "வீட்டுல வச்சா அக்கா தூக்கிப் போட்டுடுவா," என்றான். பிறகு கண்ணாடி.

மின்வாரியத்திலிருந்து இரண்டு பேர் வந்து பார்த்தார்கள். பேட்டரி எப்போது மாட்டியது, யார் மாட்டியது, வேலை செய்கிறவர்களிடம் சொன்னார்களா என்று கேட்டார்கள். யாரிடமும் சொல்லவில்லை என்று ஆயிற்று. பலகையைத் திறந்து டேப்பைப் பிரித்துப் பார்க்க யாருக்கும் தோன்றவில்லை. மாலைக்குள் ஊர் வாயில் பேட்டரி கடைக்காரர் விழுந்துவிட்டார்.

வயர்மேனுக்கு முதல் மூன்று நாள் பேச்சே வரவில்லை. வந்தவர்கள் அவர் கையைப் பிடித்துக்கொண்டு, "உங்க பையில கட்டை இருந்துச்சாமே. நீங்க என்ன பண்ணுவீங்க," என்றார்கள். நான்காம் நாள் பேச்சு வந்தபோது, அவர் சொல்ல வேண்டியதற்குத் தன் வீட்டில் இடம் இல்லாமல் போயிருந்தது. மனைவிக்கு அவன் தம்பி மட்டும் இல்லை. அம்மா போனபோது அவனுக்கு ஆறு வயது, இவளுக்குப் பதினாறு. கல்யாணத்தின்போது, "இவனும் என்கூட வருவான்," என்று சொல்லித்தான் கழுத்தை நீட்டினாள்.

எட்டாம் நாள் பேட்டரி கடைக்காரர் வீட்டு வாசலுக்கு வந்தார். ஐம்பது வயது இருக்கும். செருப்பைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு நின்றார்.

"எனக்கு ஒண்ணும் தெரியாதும்மா. மாட்டுன்னு சொன்னாங்க, மாட்டிட்டுப் போயிட்டேன்."

"எங்க வாசலுக்கு வர உனக்கு எப்படிய்யா கால் வந்துச்சு?" என்றாள் மனைவி. "என் புள்ளைய வாரிக் குடுத்துட்டு உக்காந்திருக்கேன். நீயும் உன் புள்ளைங்களும் நல்லா இருப்பீங்களா? இருந்துடுவீங்களா?"

அவர் இன்னும் கொஞ்ச நேரம் நின்றுவிட்டுப் போனார். வயர்மேன் உள் அறையில் கட்டிலில் உட்கார்ந்திருந்தார். எழுந்து எட்டு அடி நடந்தால் வாசல். உட்கார்ந்தே இருந்தார்.

இரண்டு மாதம் கழித்து வீட்டுக்காரர் வேறு ஒரு வயர்மேனைப் பிடித்து வேலையை முடிக்கச் சொன்னார். புது ஆளுக்கு மச்சினன் எழுதிய தாள் புரியவில்லை. ஒரு தடவை வந்து பார்க்க முடியுமா என்று மரியாதையாகக் கேட்டார். வயர்மேன் போனார். கூடத்தை நிமிர்ந்து பார்க்காமல், தாளில் இருந்ததை வரிசையாகச் சொன்னார். நம்பருக்கு நேரே மச்சினன் தனக்குப் புரிகிற மாதிரி எழுதியிருந்தான். மோட்டாருக்கு 'குண்டன்'. ஜன்னல் திரைக்கு 'வெக்கம்'. பதினேழுக்கு நேரே 'மாமா' என்று இருந்தது. அதுதான் பெட்டிக்கே கரண்ட் கொண்டு வருகிற வயர்.

"பதினேழு எங்கேருந்து வருதுண்ணே?" என்று கேட்டுக்கொண்டே புது ஆள் படிக்கட்டுக்கு அடியில் பலகையைத் திறந்தார். டேப்பைப் பிரித்தார். பிரித்தவர் அப்படியே குனிந்தபடி இருந்தார்.

வலது கைக்காரன் முறுக்கினால் வயர் ஒரு பக்கம் சுற்றும். இடது கைக்காரன் முறுக்கினால் எதிர்ப் பக்கம் சுற்றும். இந்தத் தொழிலில் அது கையெழுத்து மாதிரி. பார்த்த உடனே யார் போட்டது என்று சொல்லிவிடலாம்.

"அண்ணே," என்றார் புது ஆள். "நம்ம பக்கத்துல இடது கையில வேலை பாக்கறவர் நீங்க ஒருத்தர்தான்."

"ஆமா."

"எப்பப் போட்டீங்க?"

"அவன் போறதுக்கு முந்தின சனிக்கிழமை."

புது ஆள் தன் பையிலிருந்து டேப்பை எடுத்து, பழையபடியே சுற்றினார்.

"ஜாயின்ட் நல்லாத்தான் இருக்கு. பிரிக்கறதுக்கு ஒண்ணும் இல்ல. நான் யார்கிட்டயும் சொல்லப் போறதில்லண்ணே. நீங்க வீட்டுக்குப் போங்க."

திட்டியிருந்தால் வாங்கிக்கொண்டு வந்திருப்பார். இதை வாங்கிக்கொள்ள முடியவில்லை. அன்று மாலையே மனைவியிடம் சொன்னார். அவள் காய்ந்த துணிகளை மடித்துக்கொண்டிருந்தாள். சனிக்கிழமையிலிருந்து ஆரம்பித்து, ஒன்றும் விடாமல் சொன்னார். அவள் மடிப்பதை நிறுத்தவில்லை. ஒரு சட்டையின் கையை உள்ளே மடித்து, மறு கையையும் மடித்தாள்.

"அவன்கிட்ட சொன்னீங்களா?"

"மறந்துட்டேன்."

"டேப் சுத்தறதுக்கு மறக்கலையே."

அவர் ஒரு துண்டை எடுத்து மடிக்கப் போனார், அவள் அதைக் கையிலிருந்து வாங்கிக்கொண்டாள்.

"அந்த மனுஷன் வந்தாரே. நான் வாய்க்கு வந்ததெல்லாம் பேசினேனே. அப்ப நீங்க எங்க இருந்தீங்க?"

"உள்ள."

"தூங்கிட்டிருந்தீங்களா?"

"இல்ல. கேட்டுட்டுதான் இருந்தேன்."

மடித்த துணியை எடுத்து அலமாரியில் வைத்தாள். செருப்பைப் போட்டுக்கொண்டாள். "வாங்க," என்றாள்.

பேட்டரி கடை திறந்திருந்தது. ஆனால் கல்லாவில் வேறு யாரோ இருந்தார். பழைய ஆள் கடையைக் கைமாற்றிவிட்டு, குடும்பத்தோடு எங்கோ போய்விட்டார் என்றார். எங்கே என்று தெரியாது. கல்லாவில் இருந்தவர் கொடுத்த பழைய ஆளின் நம்பருக்கு வயர்மேன் அங்கேயே நின்று போன் போட்டார். அந்த நம்பர் உபயோகத்தில் இல்லை.

"எதாவது பேட்டரி வேணுமா?" என்று கடைக்காரர் கேட்டார்.

"வேணாங்க," என்றாள் மனைவி. ஆனாலும் உடனே கிளம்பவில்லை. அடுக்கி வைத்திருந்த பேட்டரிகளை ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டு நின்றாள், யாரோ உள்ளேயிருந்து வருவார்கள் என்பது போல. திரும்பி வரும்போது பஸ்ஸில் அவருக்குப் பக்கத்தில் இடம் இருந்தது. அவள் முன்னால் போய் உட்கார்ந்துகொண்டாள்.

அடுத்த நாள் வயர்மேன் மின்வாரிய ஆபீசுக்குப் போனார். அந்தக் கேஸ் முடிந்துவிட்டது, சொல்ல வேண்டியதை எழுதிக் கொடுங்கள் என்றார்கள். எழுதிக் கொடுத்தார். இரண்டு பக்கம். வாங்கி ஒரு குண்டூசி குத்தி வைத்துக்கொண்டார்கள். யாரும் கூப்பிடவில்லை. கூப்பிடுவார்கள் என்று ஒரு வருஷம் காத்திருந்தார்.

புது ஆள் வேலையை முடித்துவிட்டார். அந்தத் தெரு வழியாகப் போக நேர்ந்தால், பொழுது சாயும்போது அந்த வீட்டின் வாசல் விளக்கு தானாக எரிவதையும், ஜன்னல் திரை தானாக மூடுவதையும் வயர்மேன் பார்ப்பார். எல்லாம் அந்த முறுக்கு வழியாகப் போகிற கரண்ட்தான்.

மனைவி அவரோடு சண்டை போடவில்லை. சாப்பாடு போட்டாள். மருந்து வாங்கினீர்களா என்று கேட்டாள். உறவுக்காரர்கள் வந்தால் சாதாரணமாகவே இருந்தாள். ஆனால் வந்தவர்களில் ஒருவர், "பாவம், உங்க வீட்டுக்காரர் பையில கட்டை இருந்தும்..." என்று ஆரம்பித்தபோது, எழுந்து அடுப்படிக்குள் போய்விட்டாள். ஒரு நாளும் அவள் அதை வெளியே சொல்லவில்லை. சொல்லியிருந்தால் தேவலை என்று அவருக்கு இருந்தது.

இந்த வருஷம் அவர்கள் வீட்டு அடுப்படி ஸ்விட்ச் கருகிப்போயிற்று. வயர்மேன் புது ஸ்விட்சை எடுத்துக்கொண்டு வந்து, கட்டையைப் பிடுங்குவதற்காக வாசலுக்குப் போனார். அங்கே கட்டை இல்லை. மனைவி முன்பே பிடுங்கிக் கைக்குள் வைத்துக்கொண்டு, அடுப்படிக் கதவுக்குப் பக்கத்தில் நின்றிருந்தாள்.

அவர் கையை நீட்டினார். அவள் கொடுக்கவில்லை.

"என்கிட்டயே இருக்கட்டும். டெஸ்டர் வச்சுப் பாருங்க."

வைத்துப் பார்த்தார். எரியவில்லை.

"இன்னொரு தடவை."

இன்னொரு தடவை வைத்துப் பார்த்தார். டெஸ்டருக்குள் இருக்கும் சின்ன விளக்கு எரிகிறதா இல்லையா என்று பார்க்க நன்றாகக் குனிய வேண்டியிருந்தது. ஆஸ்பத்திரியில் ஒரு காகிதக் கவரில் போட்டுத் திருப்பிக் கொடுத்த கண்ணாடி அது. குனிந்ததும் மூக்கிலிருந்து சரிந்தது. பிடித்து மேலே தள்ளினார். மறுபடியும் சரிந்தது. காம்புகள் மச்சினன் தலைக்கு விரிந்தபடியே இருந்தன.