லட்சுமிக் குழி

1

இந்தக் கதை எனக்குச் சங்கரன்கோவில் பஸ் ஸ்டாண்டில் கிடைத்தது. கைக்குழந்தையோடு நின்ற ஒரு பெண் சொன்னாள். (இதைப் பிறகு திருத்துவேன்.)

முதல் தொடக்கம்: வானத்தில் கிரகணம் பிடித்த அன்று வேல்விழி... வேண்டாம். வானத்தில் ஆரம்பித்தால் பழி வானத்துக்குப் போய்விடும்.

இரண்டாவது: காதுகுத்து அன்று, மாமன் மடியில் இருந்த அனுவின் இடது காதைப் பார்த்து ஆசாரி ஊசியைக் கீழே வைத்தார். விரியாத மொட்டு மாதிரிக் காது. குத்துவதற்குச் சோணையே இல்லை.

"இதுல எங்கன குத்த?"

வேல்விழியின் மாமியார் முத்துத்தாய் சபைக்கே கேட்கும்படி சொன்னாள்: "கிரகணத்தன்னைக்குக் கத்தரிக்காய் அரியாதட்டின்னு படிச்சுப் படிச்சுச் சொன்னேன். கேட்டாளா? இப்பப் பிள்ளைக்குக் காதும் கேக்கல."

வேல்விழி கணவன் பாண்டிராஜைப் பார்த்தாள். அவன் பந்திக்கு இலை போடப் போய்விட்டான்.

2

அவள் ஏன் பார்த்தாள் என்று சொல்ல வேண்டும். காதுகுத்துக்குப் பத்து நாள் முன்னால், திருநெல்வேலியில் டாக்டரம்மா அனுவின் காதைப் பார்த்துவிட்டுப் பாண்டிராஜின் காதையும் பார்த்தார். காது தொடங்கும் இடத்தில் குண்டூசி முனையளவு குழி.

"உங்க வீட்ல வேற யாருக்கு இருக்கு?"

அப்பாவுக்கு இருந்தது. அந்த வீட்டில் அதற்கு லட்சுமிக் குழி என்று பேர், இருந்தால் யோகமாம். பெண் பார்க்க வந்த அன்றே முத்துத்தாய் மகன் காதைத் திருப்பிக் காட்டிப் பெருமைப்பட்டாள்.* அப்பாவுக்கு நாற்பதிலேயே காது மந்தம். விசைத்தறிச் சத்தம் என்று சொல்லிக்கொண்டார்கள்.

"இது ஜீன்ல வருது, அப்பா வழியில. ஒருத்தருக்குக் குழியோட போயிரும், ஒருத்தருக்குக் கேக்கவே செய்யாது. யார் தப்பும் இல்லம்மா. கிட்னியையும் ஒரு ஸ்கேன் பாத்துருவோம்."

வேல்விழி அங்கேயே அழுதுவிட்டாள். அனு பிறந்ததிலிருந்து அவள் கத்தரிக்காயைத் தொட்டதில்லை.

(* குழி உள்ள எல்லாருக்கும் இப்படி ஆவதில்லை. உடனே கண்ணாடி முன் போய் நிற்காதீர்கள்.)

3

பாண்டிராஜ் எனக்குப் பிடிபடவே இல்லை. தெரிந்தும் ஏன் இலை போடப் போனான்? அம்மா மனசு தாங்காது என்று எழுதினேன், அடித்தேன். சபையில் வேண்டாம் என்று நினைத்தான்... அதையும் அடித்தேன். பயம். அவ்வளவுதான்.

பஸ் ஸ்டாண்ட் பொய். வேல்விழி என் மனைவி. பாண்டிராஜ் நான்தான்.

4

முடிவு அ: அம்மா வேல்விழியின் கையைப் பிடித்துக்கொண்டு அழுகிறாள். (சினிமா.)

முடிவு ஆ: "செத்துப்போன மனுசனையா குத்தம் சொல்லுதே?" என்று அம்மா சாப்பாட்டுத் தட்டைத் தள்ளிவிடுகிறாள். (நடக்கும்.)

முடிவு இ: வாசகரே, அம்மாவுக்குப் படிக்கத் தெரியாது. இந்தப் பக்கம் வந்தால் நீங்களே இதை அவளுக்கு வாசித்துக் காட்டிவிடுங்கள்.

முதுகுக்குப் பின்னால் நின்று வேல்விழி இதைப் படித்துவிட்டாள். அவள் இடுப்பில் அனு.

"ஊரானை எதுக்குக் கூப்பிடுதீய? அத்தை அடுப்படியிலதான இருக்காவ."

நாலே எட்டுதான். எழுந்துவிட்டேன்.

"யம்மா, அந்தக் கத்தரிக்காயால இல்லம்மா. என் காதுல இருக்க இந்தக் குழியாலதான்."