குழாய்க்குப் பின்னால்

கண்காணிப்பு அறையில் இருந்தவர்கள்: மேலாளர், கேமராவைப் பொருத்திய டெக்னீஷியன், பகல்நேரக் காவலாளி. கொதிகலன் கொட்டகையில், சுடுநீர்க் குழாய்க்குப் பின்னால், காவலாளியின் அண்ணன்.

அண்ணன் அங்கே இருப்பது காவலாளிக்கு மட்டும்தான் தெரியும். வேலை போய், வாடகை வீடும் போனவனை இவன்தான் ஒளித்து வைத்திருந்தான். தன் வீட்டுக்குக் கூட்டிப் போகவில்லை. மனைவி முகம் சுளிப்பாள் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டான். அவளிடம் கேட்கவே இல்லை.

இடத்தை யோசித்துத்தான் பிடித்தான். கொட்டகையில் மாட்டியிருந்தது வெப்பத்தைப் படமாக்கும் கேமரா. கொதிக்கிற குழாய் திரையில் வெள்ளையாக எரியும். பக்கத்தில் உள்ளதெல்லாம் மங்கிப்போகும்.

"என்னய்யா படம் இது? மாவு மூட்டை அவிழ்ந்த மாதிரி இருக்கு," என்றார் மேலாளர்.

"குழாய்ச் சூடு மத்ததை அமுக்குது சார். அதைக் கணக்குல இருந்து ஒதுக்கிட்டா பளிச்சுனு வந்துரும்," என்றார் டெக்னீஷியன்.

"இதுவே போதும்ணே. எனக்கு நல்லாத்தான் தெரியுது," என்றான் காவலாளி.

"அப்ப கேமராவைக் கழட்டிட்டு உன்னை மாட்டிரலாம்," என்றார் டெக்னீஷியன்.

மேலாளர் சிரித்தார். காவலாளியும் சிரித்து வைத்தான்.

டெக்னீஷியன் குழாயைச் சுற்றி ஒரு கட்டம் போட்டு ஒதுக்கினார். வெப்ப எல்லையைக் குறுக்கினார். கான்ட்ராஸ்டைக் கொஞ்சம் கூட்டினார். தரை தெரிந்தது. சுவர் தெரிந்தது. முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்த ஒரு மனிதன் தெரிந்தான். முகத்தில் மூக்குக்கண்ணாடி மட்டும் இரண்டு கறுப்பு வட்டங்களாக இருந்தது.

மேலாளர் திரும்பினார். "யாரு அது? உனக்குத் தெரிஞ்ச ஆளா?"

"தெரியாது சார். எவனோ."

காவலாளி கொட்டகைக்குப் போனான். மேலாளரும் கூடவே வந்தார். அண்ணன் எழுந்து நின்று தம்பியின் முகத்தை ஒருமுறை பார்த்தான். அது போதுமாக இருந்தது.

"யாருய்யா உன்னை உள்ள விட்டது?" என்றார் மேலாளர்.

"யாரும் விடல சார். சுவர் ஏறிக் குதிச்சேன்."

தேய்ந்துபோன முட்டியை வைத்துக்கொண்டு வாசற்படி ஏறவே அண்ணன் கைப்பிடி தேடுவான்.

"பையைப் பாரு," என்றார் மேலாளர்.

காவலாளி பார்த்தான். ஒரு சட்டை, ஒரு துண்டு, காலையில் இவன் கொடுத்த சாப்பாட்டு டப்பா. பாதி மிச்சம் வைத்திருந்தான்.

"ஒண்ணுமில்ல சார்."

பையை வாங்கிக்கொண்டு அண்ணன் பின்கதவு வரை சாய்ந்து சாய்ந்து நடந்தான். வெளியே கால் வைத்ததும் திரும்பினான்.

"மன்னிச்சுக்குங்க சார்," என்றான். மேலாளரைப் பார்த்துச் சொல்லவில்லை.

காவலாளி கதவைப் பிடித்தபடி நின்றான்.

"நின்னு வேடிக்கை பார்க்காத. பூட்டு," என்றார் மேலாளர்.

அவன் கதவைச் சாத்தினான். தாழ்ப்பாள் போட்டுப் பூட்டினான். வழக்கம்போல் பூட்டை ஒருமுறை இழுத்தும் பார்த்தான்.